பழைய வரைபடங்களில் வன்னிக் கிராமங்கள்

பிரிட்டிஷ் ஆட்சிக்கால இலங்கையின் வரைபடங்கள் பல, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் கியூ தேசிய ஆவணக் காப்பகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. 1800ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இலங்கை நில அளவைத் திணைக்களம் வரைந்தவற்றுள், ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் தாள்கள் கிராமங்களின் வரலாற்றை அறியப் பெரிதும் உதவுபவை.

வன்னிப் பகுதித் தாள்களில் முதலில் கண்ணில் படுபவை குளங்களே. குளம், குளக்கட்டு, அதன் கீழே வயல், அருகே குடியிருப்பு என்பதே மழை குறைந்த அப்பகுதியில் ஊர்களின் அமைப்பு. காட்டின் நடுவே கைவிடப்பட்ட குளம் ஒன்று குறிக்கப்பட்டிருப்பின், முன்னொரு காலத்தில் அங்கு வேளாண்மை நடந்தது எனக் கொள்ளலாம்.

இன்றைய காணிப் பிரச்சினையில் இத்தகைய சான்றுகள் முக்கியத்துவம் பெறுகின்றன. 2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பிய பலரிடம் காணி உறுதிகள் இல்லை. இடப்பெயர்வில் அவை தொலைந்துபோயின. 2025 மார்ச்சில், வடக்கில் சுமார் 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிடில் அது அரச காணியாகும் என வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

எனினும் வரைபடம் குளத்தையும் பாதையையும் காட்டுமே தவிர, உழுதவரின் பெயரைக் காட்டாது. இடம் மாறும் சேனைப் பயிர்ச்செய்கை அதில் விடுபட்டிருக்கலாம். ஊர் இருந்தது என்பதற்கு அது சான்று. காணி யாருடையது என்பதை நிறுவ, உறுதிகளும் அயலவர் சாட்சியமும் தேவைப்படுகின்றன.