பசுந்தீனியும் ஏ வைட்டமினும்

பசுவின் வெண்ணெய் மஞ்சளாகவும் எருமையின் வெண்ணெய் வெண்மையாகவும் இருப்பதைக் கண்டு, முன்னதிலேயே சத்து உண்டென்று குடியானவர்களில் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. ஏ வைட்டமின் என்னும் ஜீவசத்து இரண்டிலும் உண்டு. அது இருக்கும் உருவமே வேறு.

கீரைகளிலும் மாம்பழம், பப்பாளி முதலியவற்றிலும் உள்ளது கரோட்டீன் என்னும் மஞ்சள் வஸ்து. கீரையில் அம்மஞ்சளைப் பச்சை நிறம் மறைத்துவிடுகிறது. பிராணிகளின் குடலில் கரோட்டீன் பிளவுபட்டு, ரெட்டினால் என்னும் வெளிறிய வஸ்துவாக மாறுகிறது. இதுவே அசல் ஏ வைட்டமின். கரோட்டீன் இவ்வாறு மாறுவதை 1930-ம் வருஷத்தில் தாமஸ் மூர் என்பவர் எலிகளைக் கொண்டு நிரூபித்தார். எருமை தான் தின்ற கரோட்டீனை ஏறக்குறைய முழுவதும் மாற்றிவிடுகிறது. பசுவோ ஒரு பகுதியை மாற்றாமலே பாலில் விட்டுவிடுகிறது.

ரெட்டினால் ஈரலில் சேமிக்கப்பட்டு, வேண்டும்போது இரத்தத்தின் வழியே செல்லும். கண்ணில் அது ரெட்டினல் என்ற உருவங்கொண்டு, ஒரு புரதத்துடன் கூடி, மங்கிய வெளிச்சத்தில் பார்வையளிக்கிறது. குறைந்தால் மாலைக்கண் உண்டாகும். ரெட்டினாயிக் அமிலம் என்ற மற்றோர் உருவம் தோலையும், குடல், சுவாசக்குழாய் இவற்றின் உட்படலங்களையும் பாதுகாக்கிறது. குறைவு முற்றினால் கருவிழி உலர்ந்து புண்ணாகிக் குழந்தை பார்வையிழக்கவும் கூடும்.

வைக்கோலில் கரோட்டீன் இல்லையென்றே சொல்லலாம். கோடை முழுதும் வைக்கோலே தின்னும் சினைப்பசு, ஈரலிலுள்ள சேமிப்பைச் செலவழித்துவிடும். கன்று பிறக்கும்போது அதன் ஈரலில் இச்சத்து மிகவும் சொற்பம். சீம்பாலிலிருந்தே அதற்குப் பெரும்பகுதி கிடைக்கவேண்டும். அச்சீம்பாலைக் கன்றுக்கு விடாமல் கறந்து, காய்ச்சித் தின்னும் வழக்கம் கன்றின் கண்ணைப் பறிப்பதேயாகும். கன்று வயிறாரக் குடித்தபின் மிஞ்சுவதையே வீட்டார் எடுத்துக்கொள்ளலாம்.

வாய்க்கால் கரையில் அகத்தியும் வேலியோரம் முருங்கையும் வைத்தால், தழை மாட்டுக்கும் மனிதருக்கும் உதவும். தீனிப்புல்லை வெளுக்கும்வரை வெயிலில் போட்டால் கரோட்டீன் அழிந்துவிடும். பசுமை மாறாமல் நிழலில் உலர்த்துவது நலம். மனிதர் உணவில் சுமார் 12 பங்கு கரோட்டீனிலிருந்து 1 பங்கு ரெட்டினாலே கிடைக்கிறது. ஆகையால் கீரையைத் தாராளமாகவும், சிறிது எண்ணெய் சேர்த்தும் உண்ணவேண்டும். எண்ணெயின்றி இச்சத்து உடம்பில் நன்றாகச் சேராது.

9 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை சர்க்கார் கொடுக்கும் ஏ வைட்டமின் திராவகம் ஒரு குழந்தைக்கும் தவறாமல் கிடைக்கும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் பார்த்துக்கொள்ளவேண்டும். கீரை மிஞ்சினால் கெடுதல் இல்லை. மருந்தாகக் கிடைக்கும் ரெட்டினாலோ அளவுமீறினால் விஷமாகும். வைத்தியர் சொல்லாமல் கர்ப்பிணிகள் அதைத் தொடலாகாது.