உங்கள் வீட்டுக் காற்று காற்றாலைக்குப் போதுமா?

புதிய வீட்டுக்கு மின் இணைப்பு இன்னும் வரவில்லை. இரவிலோ கூரைத் தகரம் படபடக்கும் அளவுக்குக் காற்று அடிக்கிறது. இதை வீணாக விடுவானேன், சிறிய காற்றாலை ஒன்றை வாங்கி நிறுத்தினால் என்ன என்று நீங்கள் யோசித்திருக்கலாம். வீடமைப்பு உதவிப் பணத்தையோ கடனாக வாங்கிய பணத்தையோ அதில் போடுவதற்கு முன் இதை வாசியுங்கள். ஊவாவில் நல்ல காற்றுள்ள இடங்கள் உண்டு. ஆனால் அவற்றில் பல, குடியிருக்க ஏற்ற இடங்கள் அல்ல. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பின், வீடு கட்டும் இடம் எவ்வளவு பாதுகாப்பானது என்ற கேள்வியே முதலில் வருகிறது. அது சரியான ஒழுங்குதான். பாதுகாப்பான இடம் பெரும்பாலும் சரிவு குறைந்த, சுற்றிலும் மறைப்புள்ள இடமாக இருக்கும். அங்கே காற்றும் குறைவு.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். வேகம் பாதியாகக் குறைந்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1.7 மீற்றர் விட்டமுள்ள சிறிய சுழலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். செக்கனுக்கு 3 மீற்றர் வேகக் காற்றில் அது தரக்கூடியது சுமார் 8 வற்று, அதாவது ஒரு எல்.ஈ.டி. மின்குமிழ். பல சுழலிகள் அந்த வேகத்தில்தான் சுற்றவே தொடங்கும். 6 மீற்றர் வேகத்தில் அதே சுழலி 60 வற்று தரும். அந்தக் காற்று நாள் முழுவதும் நின்று வீசினால் சின்னத் தொலைக்காட்சி, விளக்குகள், கைத்தொலைபேசி எல்லாவற்றுக்கும் போதும். பெட்டியில் '400 வற்று' என்று அச்சிட்டிருப்பது செக்கனுக்கு 11, 12 மீற்றர் வேகத்துக்குரிய கணக்கு. குடை பிடித்து நடக்க முடியாத காற்று அது. ஆண்டு முழுவதற்குமான சராசரி, சுழலி நிற்கும் உயரத்தில், செக்கனுக்கு நாலரை அல்லது ஐந்து மீற்றராவது இருந்தால்தான் செலவழித்த பணத்துக்குப் பயன் உண்டு. அப்புத்தளை போன்ற உயரத்தில் காற்று கடற்கரையில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்களவு அடர்த்தி குறைந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வீட்டுக் காற்று எவ்வளவு?

முகத்தில் காற்று பட்டு இலை சலசலத்தால் செக்கனுக்கு 2 அல்லது 3 மீற்றர். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆட, கோயில் கொடி விரிந்து நின்றால் 4 அல்லது 5. தூசியும் கடதாசியும் பறந்தால் 6 அல்லது 7. தினமும் காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என நான்கு வேளை பார்த்து ஒரு கொப்பியில் குறியுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் உங்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள். மலைநாட்டில் குளிர்ந்த காற்றெல்லாம் பலத்த காற்றாகவே தோன்றும். இரவில் சரிவு வழியே இறங்கும் காற்று உடம்பை நடுங்க வைக்கும், ஆனால் சுழலியை அசைக்காது. இரண்டு லயங்களுக்கு நடுவே உள்ள சந்தில் வீசுவதும் அப்படித்தான். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், காற்று இராது.

ஒரு வாரக் குறிப்பு போதாது. அதிலும் ஓகஸ்ட் மாதத்தில் எடுத்த குறிப்பு உங்களை நன்றாக ஏமாற்றிவிடும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலைத்தொடரின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, அப்புத்தளை இடைவெளி வழியாகவும் முகடுகளுக்கு மேலாகவும் நம் பக்கம் வறண்டு இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருவது இந்த வறண்ட காற்றினால்தான். இதுவே கீழே மட்டக்களப்பை அடையும்போது கச்சான். பிறகு ஒக்டோபர், நவம்பரில் காலையில் அசைவே இல்லாமல் கிடந்து, பின்னேரத்தில் இடியும் மழையுமாக அரைமணி நேரம் சுழன்றடிக்கும். மார்ச், ஏப்ரலும் ஏறத்தாழ அப்படியே. வடகீழ் பருவத்தில் பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் மழை உண்டு, ஆனால் காற்று தென்மேல் பருவத்தின் அளவுக்கு இல்லை. ஆகவே நம் பக்கத்தில் காற்றுக் காலமும் வெயில் காலமும் ஒன்றாகவே வருகின்றன. சூரியத் தகடு வேலை செய்யாத இருண்ட மாதங்களில் காற்றாலை கைகொடுக்கும் என்ற எண்ணம் இங்கே பெரும்பாலும் பலிக்காது.

கூரையைக் கிளப்பிய காற்றைக் காட்டி இடம் நல்லது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். திடீரென்று அடிக்கும் காற்றில் சுழலி தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், இல்லையென்றால் உடைந்துவிடும்.

இடமும் உயரமும்

மரங்களைப் பாருங்கள். ஒரே திசையிலிருந்து பலத்த காற்று ஆண்டுக்கணக்கில் வீசும் இடத்தில் சவுக்கும் யூக்கலிப்டசும் ஒரு பக்கம் கிளையில்லாமல், கொடி பறப்பதுபோல் மறுபக்கம் சாய்ந்து நிற்கும். உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள மரங்கள் நேராக, எல்லாப் பக்கமும் கிளைவிட்டு நின்றால் அதுவே ஒரு பதில். அம்பேவலையில் 3 மெகாவற்று காற்றாலைகள் இயங்குவது உயர்ந்த, திறந்த புல்வெளியில். பதுளை நகரமோ கிண்ணத்தின் அடிபோல மலைகளுக்கு நடுவே இருக்கிறது. நகரத்து வானிலை நிலையத்தின் அளவு நமுனுகுலைச் சரிவுக்குப் பொருந்தாது, அங்குள்ள அளவு உங்களுக்கும் பொருந்தாது.

சுழலியின் இறக்கை, சுற்றிலும் 500 அடிக்குள் உள்ள எந்த மரத்தையும் கூரையையும்விட 30 அடி மேலே இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. தேயிலை நிழலுக்கு நட்ட மரம் 50 அடி என்றால் கம்பம் 80 அடிக்கு மேல். நீண்ட மூங்கிலின் நுனியில் துணி நாடா கட்டிப் பாருங்கள். நாடா நீண்டு ஒரே பக்கம் பறந்தால் காற்று சீரானது. சுருண்டு, சுற்றி, விழுந்து எழும்பினால் அது குழம்பிய காற்று, சுழலியைத் தேய்க்குமே தவிர மின்சாரம் தராது. முகட்டுக்குச் சற்றுக் கீழே, காற்றுக்கு மறைவான பக்கத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

காணியையும் அளந்து பாருங்கள். 7 பேர்ச்சஸ் என்பது சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 44 அடி அளவு. 60 அடிக் கம்பத்துக்கு இழுவைக் கம்பிகள் நாலாபக்கமும் குறைந்தது 30 அடி விரிய வேண்டும். வீடே இல்லாவிட்டாலும் காணிக்குள் அடங்காது, சரிந்தால் அயலவர் கூரையில்தான் விழும். கூரையில் பொருத்தலாம் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அதிர்வு சுவரை வெடிக்க வைக்கும், சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓராண்டுக் கொப்பி நம்பிக்கை தந்தால், அயலில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, திறந்த மேட்டில் பொதுவாக ஒன்றை நிறுத்துவதைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு முன் வேக அளவுகருவி ஒன்றைக் கம்ப உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். மற்றவர்களுக்கு, வெயில் படும் கூரையில் ஒரு சூரியத் தகடு அதே பணத்துக்குக் கூடுதலாகத் தரும். அருகில் வற்றாத ஓடை இருந்தால் சிறு நீர்மின்சாரமும் விசாரிக்கத் தக்கது. மேடு தோட்டக் காணியாக இருந்தால் தோட்ட நிருவாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கம்பத்துக்காகச் சரிவை வெட்டவோ குழி தோண்டவோ நேர்ந்தால், முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.