வாலஸ் தோற்றார், வழி அடைபடவில்லை

1968 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜார்ஜ் வாலஸ் வெல்வார் என்று பெரும்பாலோர் நம்பவில்லை. கறுப்பின மாணவர்களைத் தடுக்க 1963-இல் அலபாமா பல்கலைக்கழக வாசலில் போய் நின்ற ஆளுநர் அவர். அச்சம் வேறிடத்தில் இருந்தது. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலவாரியான தேர்வாளர்கள். எவருக்கும் பெரும்பான்மையான 270 தேர்வாளர் வாக்குகள் கிடைக்காவிட்டால் அதிபரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன்பே தன் தேர்வாளர்களை வைத்து வாலஸ் பேரம் பேசலாம். கறுப்பின மக்கள் அப்போதுதான் போராடிப் பெற்றிருந்த உரிமைகளே அந்தப் பேரத்தில் விலைபோயிருக்கும்.

வாலஸ் ஐந்து தென் மாநிலங்களை வென்றார், 13.5 சதவீத வாக்குகள், 46 தேர்வாளர்கள். அதிபர் தேர்தலில் வென்ற நிக்சன் 301 பெற்றதால் பேரத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அப்படியானால் பயந்தது வீண்தானே என்று கேட்கலாம். வீண் அல்ல. தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் கருத்துக்கணிப்பில் அவருக்கு 20 சதவீத அளவில் ஆதரவு இருந்தது. அது தானாகச் சரியவில்லை. தொழிற்சங்கங்கள் வடமாநில ஆலைத் தொழிலாளர்களிடம் துண்டறிக்கைகளோடு போய், அலபாமாவில் கூலி எவ்வளவு குறைவு என்று எடுத்துச் சொன்னதும் ஒரு முக்கியக் காரணம். வாலஸ் பக்கம் சாய்ந்த எல்லோரையும் இனவெறியர் என்று ஒதுக்கியிருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது. அந்த அச்சத்தின் தொடர்ச்சியாக, தேர்வாளர் முறையை ஒழிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 1969-இல் நிறைவேற்றியது. 1970-இல் செனட்டில் தென் மாநில உறுப்பினர்கள் முன்னின்று அதை முடக்கினார்கள். அந்த முறை இன்றும் நடப்பில் இருக்கிறது.