சப்போரோ பனித் திருவிழா: நெல்லையிலிருந்து போக 5 நாள் லீவு போதுமா?

'ஸ்னோ பார்க்கணும்'னு சொன்னா நம்ம ஊர்ல முதல்ல வர்ற பதில் மணாலி. கொஞ்ச நாளாக ரீல்ஸில் இன்னொரு பேரும் அடிபடுது: சப்போரோ. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் தலைநகரம். கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் வாழும் இந்த ஊரில் ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக 5 மீட்டர் அளவுக்குப் பனி கொட்டும். மார்கழி காலையில் தாமிரபரணி மேல பார்க்கிற பனி கணக்கிலேயே வராது!

பிப்ரவரி தொடக்கத்தில் நடக்கும் பனித் திருவிழாதான் பெரிய ஈர்ப்பு. 1950-ல் உள்ளூர் மாணவர்கள் ஓடோரி பூங்காவில் 6 பனிச் சிலைகள் செய்து வைத்தார்கள். அதுதான் ஆரம்பம். இன்னிக்கு ஒன்றரை கிலோமீட்டர் நீளப் பூங்கா முழுக்க மாளிகை உயரத்துக்குச் சிலைகள்.

சரி, வண்ணார்பேட்டையில் இருந்து வேலைக்குப் போய்வரும் ஒருத்தர் 5 நாள் லீவு போட்டுப் போய்வர முடியுமா? முடியும். ஆனா நாட்களை எண்ணும் விதத்தில்தான் விஷயமே இருக்கு.

9 நாள் கணக்கு

முன்னும் பின்னும் சனி, ஞாயிறு சேர்த்தால் 9 நாள். சென்னைக்குப் போய்த்தான் ஏறணும்னு இல்லை. திருவனந்தபுரம் நமக்குப் பக்கம். அங்கிருந்து கோலாலம்பூர் போய், சப்போரோவின் நியூ சிட்டோஸே விமான நிலையத்துக்கு மாறலாம். சனிக்கிழமை கிளம்பினால் ஞாயிறு போய்ச் சேரலாம். திங்கள் முதல் வியாழன் வரை ஊர் சுற்றல். வெள்ளிக்கிழமை திரும்பும் விமானம்.

'ஏன் வெள்ளி? சனிக்கிழமையும் இருந்துட்டு வரலாமே?'ன்னு தோணும். இங்கதான் பலர் சறுக்குறாங்க. 2022 பிப்ரவரி 6-ல் சப்போரோவில் 24 மணி நேரத்தில் 60 சென்டிமீட்டர் பனி விழுந்தது. அந்த ஊருக்கே அது புதிய உச்சம். சப்போரோ நிலையத்துக்கு வந்துபோகும் ரயில்கள் மொத்தமாக நின்றன. விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர், அதாவது நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. சாதாரண நாளில் ரயிலில் 40 நிமிஷம். அன்னிக்கு? ஃபிளைட் பறந்தாலும் போய் ஏற வழியில்லை.

அதனால் கடைசியில் ஒரு நாளைப் பனிக்கென்று விட்டுவைக்கணும். ஒண்ணும் நடக்கலைன்னா ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூங்கலாம். நடந்தால் திங்கள்கிழமை மேனேஜருக்கு விளக்கம் எழுத வேண்டாம். விலை குறைவுன்னு ரெண்டு விமானத்தையும் தனித்தனி டிக்கெட்டாகப் போட்டிருந்தால் இந்த இடைவெளி இன்னும் அவசியம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது வானிலையால் வரும் தாமதத்துக்குப் பணம் உண்டான்னு பார்த்து எடுங்க.

டோக்கியோவையும் சேர்த்துக்கலாமா? இந்த 9 நாளில் வேண்டாம்னுதான் சொல்வேன். புல்லட் ரயில் இன்னும் சப்போரோ வரை போகலை. 2016-ல் திறந்த பாதை ஹகோடாதே அருகிலேயே முடிகிறது. அங்கிருந்து வேறு ரயிலில் மூன்றரை மணி நேரம். விமானம்னா ஒன்றரை மணிதான், ஆனா பனி வந்தால் அதுவும் அதே சிக்கல். எல்லா ரயிலுக்குமான ஜே.ஆர். பாஸின் 7 நாள் விலையும் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்தது. சப்போரோவுக்குள் சுற்ற அது தேவையே இல்லை, மெட்ரோ போதும்.

விசாவுக்குத் தமிழ்நாட்டுக்காரர்கள் சென்னை வழியாகத்தான் விண்ணப்பிக்கணும். எந்த நாள் எங்கே இருப்பீர்கள் என்ற பயணத் திட்டத்தைக் கேட்பார்கள். மேலே போட்ட கணக்கையே எழுதிக் கொடுத்துடலாம். விசா கையில் வரும்வரை ரத்து செய்ய முடியாத டிக்கெட், ஹோட்டல் எதுவும் வேண்டாம்.

கோட்டை விட ஷூ முக்கியம்

பிப்ரவரியில் சப்போரோவில் பகலில் ஜீரோவை ஒட்டியும், இரவில் மைனஸ் 6, 7 வரையும் இருக்கும். தெர்மல் உள்ளாடை, அதுக்கு மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்கிப் போட்டால் சமாளிக்கலாம். கடைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் ஹீட்டர் வெக்கை கொல்லும், அப்போ ஒவ்வொண்ணா கழட்டணும். ஒரே ஒரு தடி கோட்டு வாங்கினால் அங்கே மாட்டிக்கிட்டோம்.

உண்மையான ஆபத்து தரையில். மிதிபட்ட பனி இறுகிக் கண்ணாடி மாதிரி ஐஸாகும். ஓட்டத்துக்குப் போடுற ஸ்னீக்கர் அங்கே உதவாது. ஷூவுக்கு மேல மாட்டுற முள் பட்டையை சப்போரோ கடைகளிலேயே வாங்கலாம். சாலைச் சந்திகளில் பெட்டிகளில் பொடிக்கல் வைத்திருப்பாங்க. நாமே எடுத்துத் தூவிட்டு நடக்கலாம். சின்னச் சின்ன அடியா, பாதம் முழுசும் பதியுற மாதிரி நடக்கணும். முடியலைன்னா தரைக்குக் கீழே போயிடுங்க. ரயில் நிலையத்திலிருந்து ஓடோரி வழியாக சுசுகினோ வரை சுரங்க நடைபாதை இருக்கு.

இந்தியாவில் எடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஜப்பானில் செல்லும். அதுக்காக பனியில் கார் எடுக்காதீங்க மக்களே.

போன் பேட்டரி குளிரில் சரசரன்னு இறங்கும். உள்பாக்கெட்டில் வைங்க. ஜலதோஷ மாத்திரை கொண்டுபோறவங்க அட்டையில் சூடோஎஃபெட்ரின் இருக்கான்னு பாருங்க. 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முன் அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலையும் வேண்டாம், சான்றிதழ் இல்லாத பச்சை இலை, காய், பழம் எல்லாம் அங்கே பறிமுதல்தான்.

சாப்பாடு?

இதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். சப்போரோவின் சொந்த உணவே 'சூப் கறி'. மசாலா தூக்கலான தண்ணிக் குழம்பில் பெரிய பெரிய காய்த் துண்டுகளும் கோழிக்காலும் கிடக்கும். தேங்காய்ப்பால் ஊற்றிய வகையும் உண்டு, நம்ம சொதிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு சொல்லலாம். சைவக்காரர்கள் மட்டும் கவனம். காய்கறி சூப் கறின்னு போட்டிருந்தாலும் அடிச்சாறு கோழி அல்லது பன்றி எலும்பில் இருக்கலாம். பல ஜப்பானிய உணவுகளில் மீன் சாறு இருக்கும். கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க. காரத்தை நம்பரில் சொல்லணும். சோறு தனித் தட்டில் வரும். குழம்பை ஊற்றிப் பிசையாமல், ஸ்பூனில் சோறு எடுத்துக் குழம்பில் முக்கிச் சாப்பிடுறதுதான் அங்கத்த வழக்கம்.