கணக்குக் கேட்கும் கடமை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் (கி.பி. 919, 921) கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிந்தெடுத்த விதத்தை அவை கூறுகின்றன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் குடத்திலிடும் ஓலையில் பெயர் பெறத் தகுதியற்றவர் என்பது அச்சபை வகுத்த விதி.

ஆயினும், அது நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவரின் சபை. ஏனையோர்க்கு அங்கு இடமில்லை. நமக்கோ அத்தகைய தடை ஏதுமில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் அது கூடுகிறது. ஊராட்சியின் திட்டங்களும் வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டியவை.

ஆனால், நம்மில் எத்தனை பேர் அங்குச் செல்கிறோம்? தேர்தலுக்கு முன்னாள் இரவில் வரும் பணத்தை வாங்கிக்கொள்கிறோம். பின்னர்த் தெருவிளக்கு எரியாதபோது திண்ணையிலிருந்து முணுமுணுக்கிறோம். வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமன்று, வாங்குவதும் சட்டப்படி குற்றமே. அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு: கைநீட்டி வாங்கியவருக்குக் கணக்குக் கேட்க நா எழுவதில்லை.

அன்பார்ந்த பெற்றோரே! அடுத்த கிராம சபைக்குக் கணவனும் மனைவியுமாகச் செல்வோம். தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையொப்பமிடுவோம். வாக்குரிமை பெற்ற பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். நேர்மையைப் பிறரிடம் எதிர்பார்க்கும் நாம், முதலில் அதனை நம் வீட்டு வாசலில் காப்போமாக.