பழைய மடிக்கணினியில் பென்டிரைவ் மூலம் லினக்ஸ் நிறுவுதல்

லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவல் கோப்பை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, பின்னர் வன்தட்டில் லினக்ஸைப் பதிவதே பென்டிரைவ் வழி நிறுவல் எனப்படுகிறது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் தேவை. பத்து ஆண்டுக்கு முந்தைய கணினிகளில் பெரும்பாலானவை இதில் தேறுவதில்லை.

தமிழ்நாட்டில் இத்தகைய கணினி என்றால் முதலில் நினைவுக்கு வருவது விலையில்லா மடிக்கணினிதான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அத்திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் வழியாக மடிக்கணினிகள் கொள்முதல் செய்து வழங்கப்பட்டன. விருதுநகர் மாவட்டத்தில் திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் அருகிலுள்ள மம்சாபுரம் போன்ற பேரூர்களில், பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுவே. முதற்கட்ட மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அந்தப் பெயரைத் தொடக்கத் திரையில் பார்த்ததோடு சரி. அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த அந்த 2 ஜிபி ரேம் கணினியைப் பரணிலிருந்து இறக்கினால், தம்பி தங்கைகள் இன்றும் படிக்கவும் தட்டச்சு செய்யவும் பயன்படுத்தலாம்.

எந்த லினக்ஸ்?

லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபி ரேமில் ஓடும். 4 ஜிபி இருந்தால் வசதி. லுபுண்டுவும் இதே அளவுக்குப் பொருந்தும். 1 ஜிபி மட்டுமே உள்ள கணினிக்கு ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி லினக்ஸ்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட் பதிப்பாக மட்டுமே வந்தது. எனவே அது உள்ள கணினியின் விவரப் பக்கத்தில் '32 பிட் இயங்குதளம்' என்றே காட்டும். அது விண்டோஸைப் பற்றிய தகவலே தவிரச் செயலியைப் பற்றியது அன்று. செயலி 64 பிட்டாகவே இருக்கலாம். 64 பிட் லினக்ஸ் பென்டிரைவைச் செருகிப் பார்ப்பதே எளிய சோதனை. செயலி ஏற்காவிட்டால் தொடக்கத்திலேயே திரையில் சொல்லி நின்றுவிடும். கணினிக்கு எந்தக் கேடும் இல்லை. அப்போது ஆன்டிஎக்ஸின் 32 பிட் பதிப்பைத் தேடலாம்.

மின்ட் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் இது இரண்டு நாள் வேலை. விட்ட இடத்திலிருந்து தொடரும் டோரன்ட் முறையில் இறக்குவது நல்லது. 8 ஜிபி பென்டிரைவ் போதும். கோப்பை அதில் வெறுமனே நகலெடுத்தால் கணினி தொடங்காது. விண்டோஸில் ரூஃபஸ் மென்பொருளைத் திறந்து, கோப்பைக் காட்டி எழுத வேண்டும். பழைய பயாஸ் கணினிகளுக்கு அதில் எம்பிஆர் என்ற தெரிவு பொருந்தும். எழுதும்போது பென்டிரைவில் இருந்தவை அழிந்துவிடும்.

கணினியை இயக்கியவுடன் பூட் மெனு விசையைத் தட்ட வேண்டும். ஏசர், லெனோவா, டெல் கணினிகளில் பொதுவாக எஃப் 12. எச்பியில் எஃப் 9. பல ஏசர் கணினிகளில் எஃப் 12 பூட் மெனு அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். எஃப் 2 அழுத்திப் பயாஸுக்குள் சென்று அதை இயக்கிய பிறகே வேலை செய்யும்.

நிறுவும் முன்

பென்டிரைவிலிருந்து தொடங்கிய லினக்ஸ், வன்தட்டைத் தொடாமலே முழுமையாக இயங்கும். ஒலி, வைஃபை, தொடுதளம் எல்லாவற்றையும் இந்நிலையிலேயே சோதித்துக்கொள்ளலாம். வைஃபை வரவில்லை என்றால் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையம் பெற்று, அதன் வழியே உரிய ஓட்டியை நிறுவலாம்.

இதைவிடப் பெரிய பயன் இன்னொன்று. விண்டோஸ் பழுதாகித் திறக்காத கணினியிலும், வன்தட்டு நலமாக இருந்தால் அதிலுள்ள படங்களும் ஆவணங்களும் இங்கே கோப்புறைகளாகத் தெரியும். இன்னொரு பென்டிரைவில் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். கடைக்குப் போனால் "பார்மட் அடிச்சுரலாம்" என்பதே பல இடங்களில் முதல் பதிலாக இருக்கும். தலையாட்டும் முன் இதைச் செய்து பாருங்கள்.

நிறுவும்போது வரும் ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. விண்டோஸை மறுபடி போடும்போது சி டிரைவை மட்டும் அழிப்பது நம் ஊர் வழக்கம். டி டிரைவில் உள்ள கல்யாணப் படங்கள் அப்படியே இருக்கும். அதே நினைப்பில் லினக்ஸ் நிறுவியில் 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சி, டி இரண்டுமே போய்விடும். அது முழு வட்டையும் அழிக்கும் தெரிவு. டி டிரைவைக் காக்க வேண்டுமானால் 'சம்திங் எல்ஸ்' என்பதைத் தேர்ந்து, முன்பு சி இருந்த பகிர்வை மட்டும் நீக்கி, அங்கே எக்ஸ்ட்4 வகைப் பகிர்வை உருவாக்கி, அதன் ஏற்றப்புள்ளியாக / குறியைத் தர வேண்டும். லினக்ஸில் சி, டி என்ற பெயர்கள் வராது. பகிர்வின் அளவைப் பார்த்தே அடையாளம் காண வேண்டும். எப்படிச் செய்தாலும், படங்களின் நகல் வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும்.

நிறுவிய பின்

தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். லிப்ரெஆபிஸ் மின்டிலேயே உண்டு. 2 ஜிபி ரேமில் பயர்பாக்ஸ் உலாவியின் இரண்டு மூன்று தத்தல்களுக்கு மேல் திறந்தால் கணினி திணறும். இதை லினக்ஸாலும் மாற்ற முடியாது. கூடுதலாக ஒரு ரேம் துண்டும், பழைய வன்தட்டுக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால்தான் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால், 2 ஜிபி கணினிக்கு முதலில் ரேம்.

டேலி லினக்ஸில் நேரடியாக இயங்காது. நகலகங்களில் அதிகம் காணப்படும் கேனான் எல்பிபி 2900 அச்சுப்பொறிக்குத் தனி ஓட்டி தேடி நிறுவ வேண்டியிருக்கும். கணக்கு வேலைக்கும் அச்சுக் கடைக்கும் உள்ள கணினியில் விண்டோஸை எடுத்துவிடாமல், அதன் பக்கத்திலேயே லினக்ஸை நிறுவும் தெரிவைத் தேர்வதே பொருத்தம்.