பழைய பிக்கப்புக்குப் புது உறுப்பு



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன் இன்றைக்கு வண்டியைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். விளைந்தது சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தானே அது விவசாயம்? நான் கிராமத்துக்குப் போனால், பயிரைக் காட்டுவதற்கு முன்னாலேயே கொட்டகையில் நிற்கிற பழைய ஜீப் பிக்கப்பைக் காட்டுகிறவர்கள் உண்டு. "சார், அப்பா காலத்து வண்டி. காயலான் கடையில புது மாடல் கார் எஞ்சின் ஒண்ணு வந்திருக்கு. வாங்கிப் போட்டுட்டா ஓடும்ல?" என்று கேட்பார்கள்.

ஓடும். நிற்குமா என்பதுதான் என் கேள்வி.

சிறுமலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழைத்தார் ஏற்றிவரும் விவசாயி ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடையது பழைய மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப், பின்னால் தொட்டி கட்டியது. அதில் இருந்தது 2,199 சி.சி. பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று, அடிபட்ட வேறொரு வண்டியின் டீசல் எஞ்சினை வாங்கிப் பொருத்தினார். மேடு ஏறுவதில் நல்ல இழுவை, மனிதருக்கு ஒரே சந்தோஷம். பிரேக் மட்டும் பழைய ஒன்பது அங்குல டிரம் பிரேக்தான். ஒருநாள் முழு லோடுடன் இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பெடல் கால் வைத்த இடத்தில் அப்படியே கீழே போய்விட்டது. நல்ல வேளை, வண்டியை மலைப்பக்கத்து வாய்க்காலில் இறக்கிவிட்டார். தார் நசுங்கியது, முழங்கை முறிந்தது, உயிர் தப்பியது.

மறுநாள் பட்டறையில் டிரம்மைக் கழற்றும்போது நானும் இருந்தேன். லைனிங் தேயவே இல்லை. மாற்றி ரொம்ப நாளாகவும் இல்லை. பின் ஏன் பிடிக்கவில்லை?

வண்டியின் ஓட்டத்தைப் பிரேக் எங்கேயும் ஒழித்துவிடுவதில்லை, சூடாக மாற்றுகிறது. அந்தச் சூடு வேகத்தோடு கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை நிறுத்த ஆகிற வேலையைப்போல, 60-ல் இரண்டேகால் மடங்கு ஆகும். 80-ல் நான்கு மடங்கு. எஞ்சினை மாற்றினவர் வேகத்தைக் கூட்டினார், சூட்டை வாங்கிக்கொள்கிற பாகத்தைக் கூட்டவில்லை. டிரம் சூடேறினால் விரியும். விரிந்தால் உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகிப் போகும், பெடல் இறங்கிக்கொண்டே வரும். மூடிய பாத்திரம் மாதிரி இருப்பதால் உள்ளிருக்கும் சூடு சீக்கிரம் வெளியேறாது.

அதோடு பிரேக் ஆயிலையும் கவனிக்க வேண்டும். யூரியா மூட்டையை வாய் திறந்து வைத்தால் என்ன ஆகிறது? காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிகிறது அல்லவா? பிரேக் ஆயிலும் அதே ரகம். டாட் 3 என்கிற ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் குடித்த பிறகு அந்தக் கணக்கு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் சூடானால் குழாய்க்குள் ஆயில் கொதித்து ஆவி கிளம்பும். ஆயிலை அமுக்கினால் சக்கரத்துக்கு அழுத்தம் போகும். ஆவியை அமுக்கினால் ஆவிதான் சுருங்கும். சிறுமலைக்காரர் வண்டியில் ஆயில் மாற்றி எத்தனை வருஷம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஆகையால் புது வண்டியிலிருந்து உறுப்பு எடுத்துப் பழைய பிக்கப்பைச் சீர்செய்ய நினைப்பவர்கள் எஞ்சினில் ஆரம்பிக்கக் கூடாது. முன்சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். டிஸ்க் பிரேக் திறந்த காற்றில் சுழல்கிறது. சூடேறி விரிந்தாலும் பேடை நோக்கியே விரியும், விலகாது. பழைய ஜீப்பின் மாஸ்டர் சிலிண்டரில் இருப்பது ஒரே ஒரு வழி; ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. பிறகு வந்த கார்களில் இரட்டை வழி. ஒன்று போனாலும் மற்றொன்று பாதியாவது பிடிக்கும்.

ஆனால் டிரம்முக்கு ஒரு குணம் உண்டு. சக்கரம் சுழல்கிற வேகமே ஒரு ஷூவை இழுத்து இன்னும் இறுக்கிவிடும். டிஸ்க்கில் அந்த உபகாரம் கிடையாது, கால் பலம் கூட வேண்டும். அதற்குத்தான் பூஸ்டர். பூஸ்டர் வேலை செய்ய வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் அது தானாகக் கிடைக்கிறது. டீசலில் கிடைக்காது, தனியே ஒரு பம்ப் வேண்டும். பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கமே இந்தப் பம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். இதைக் கவனிக்காமல் பூஸ்டரை மட்டும் கொண்டுவந்து மாட்டிவிட்டு, "முன்னைவிடப் பெடல் கல்லு மாதிரி இருக்கே" என்று மெக்கானிக்கைத் திட்டுகிறார்கள். காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து குடும்பத்தோடு பெயர்த்து எடுங்கள். ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் செய்யப்பட்டவை அவை.

பொருத்தம் பார்க்கிறபோது ஒரு விஷயம். பழைய ஜீப் சக்கரத்தில் ஐந்து ஸ்டட். அவை அமைந்த வட்டத்தின் குறுக்களவு ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். மாருதி ஜிப்ஸிக்கும் அதே அளவுதான். அதனாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டாதீர்கள். நடுத்துளை, பேரிங், காலிப்பர் உட்காரும் தாங்கி எல்லாம் தனித்தனிக் கணக்கு. நல்ல லேத் வேலைக்காரர் வேண்டும். ஸ்டியரிங், ஸ்டப் ஆக்சில் சம்பந்தப்பட்ட எதிலும் வெல்டிங் வைத்து ஒட்ட விடாதீர்கள்.

காயலான் கடையில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது? இரும்பு வாங்கலாம், ரப்பர் வாங்காதீர்கள். பிரேக் ஹோஸ், சீல், பேட் எல்லாம் புதிதாகத்தான் போடவேண்டும். விபத்தில் இழுபட்ட சீட் பெல்ட் மறுபடி உதவாது. முன்பக்கம் அடிபட்ட வண்டியின் ஸ்டியரிங் பாகங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், தொடாதீர்கள். எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். திருட்டு வண்டியின் பாகம் உங்கள் கொட்டகையில் அகப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கிறது. ஜாக்கி வைத்து ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். கல் வைக்காமல் அடியில் படுக்காதீர்கள்.

கரண்ட் வேலை சுலபம். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைத்தால் எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் பாட்டரி ஏறும். ஹெட்லைட்டுக்கு ரிலே, ஒவ்வொரு வழிக்கும் ஃப்யூஸ் வையுங்கள். வெல்டிங் வைக்குமுன் பாட்டரி, ஆல்டர்னேட்டர் கனெக்ஷனைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் டயோடு போய்விடும்.

இனி எஞ்சின். காமன் ரெயில் என்கிற புது டீசல் எஞ்சின் தனியாக வந்தால் ஓடாது. அதன் கம்ப்யூட்டர், சென்சர்கள், ஒயரிங், சில வண்டிகளில் சாவி கூட வரவேண்டும். அதைவிடப் பெரிய சங்கதி சட்டம். ஆர்.சி. புக்கில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறான மாற்றம் செல்லாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையேல் இரண்டும். அதே கம்பெனி, அதே ரக எஞ்சின் என்றால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி மாற்றலாம். பிரேக் வேலைக்கும்கூட, இரும்பை அறுப்பதற்கு முன்னால் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

சிறுமலைக்காரருக்கு இது பிறகுதான் தெரிந்தது. ஆர்.சி. புக்கில் பெட்ரோல், வண்டியில் டீசல். இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பார்த்ததே எஞ்சின் நம்பரைத்தான். ஒரு பைசா வரவில்லை. கடைசியில் கொட்டகையில் போட்டிருந்த தன் பழைய எஞ்சினைப் போரிங் செய்து திரும்ப ஏற்றினார். ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டு, முன்னால் டிஸ்க், இரட்டை மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் வைத்தார்.

சோதனை செய்வது எப்படி என்று சொல்லி முடித்துவிடுகிறேன். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழிறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் பிடிக்கிறது என்று அர்த்தம். பிறகு லோடு இல்லாமல், ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பத்துத் தடவை நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன்சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் வண்டியில் வலது முன்சக்கரம் சுட்டது. காலிப்பரைப் பிரித்தால் உள்ளே பழைய சீல். புதிது போட்டதாகச் சொல்லிப் பட்டறையில் காசு வாங்கியிருந்தார்கள். மாற்றி, புது ஆயில் ஊற்றி, பாதி லோடு ஏற்றித்தான் முதல் தடவை மலையிலிருந்து இறங்கினார். இரண்டாவது கியரில்.